சின்ன ரெக்கார்டர் போதும்

"இந்தச் சின்ன ரெக்கார்டரா?"

மரத்தூள் படிந்த சட்டையோடு நின்ற தச்சரை இசைக்கருவிக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல ரெக்கார்ட் பண்ணணும்னா கம்ப்யூட்டர்தான் சார். பிசிறடிச்சாலும் அப்புறம் திருத்திக்கலாம்."

"எதையும் திருத்த வேண்டாங்க."

இசையின் வாசனையே தெரியாத ஆள் என்று கடைக்காரர் முடிவு கட்டினார். "கம்ப்யூட்டர்னா பயமா? ஒரே மாசத்துல கத்துக்கலாம்."

"அவ்வளவு நாள் இல்லீங்க."

"பாடப்போறது யாரு, பெரிய வித்வானோ?" என்றார் நக்கலாக.

"என் சம்சாரம். பாட வராது, என்னைத் திட்டத்தான் வரும். நாளைக்குக் காலையில ஆபரேஷன். குரல்வளையை எடுத்துடுவாங்களாம்."

கடைக்காரர் ரெக்கார்டரைப் பிரித்து, பேட்டரி போட்டு, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.