நாக்குல நரம்பு

"தூ! இது வறுவலா, உப்பு மூட்டையா?"

வாயில வச்ச உருளைக்கிழங்கைத் தட்டு ஓரத்துலயே துப்பிட்டான் தம்பி. விருந்துக்கு வந்த அக்காவும் அக்கா புருஷனும் எதிர்லயே உக்காந்திருக்காங்க. அந்தக் கூச்சம்கூட இல்ல.

அக்காவுக்குக் கையில எடுத்த கவளம் கையிலயே நின்னு போச்சு.

இவன் அப்படிப்பட்ட பிள்ளையே கிடையாதே! தாயில்லாத பிள்ளையை இடுப்புல தூக்கி வளர்த்தவ அவ. இவங்கப்பா ஒருத்தர் இருந்தாரு, சோத்துல ஒரு கல் கிடந்தா தட்டு பறக்கும். ஒரு தடவை பறந்த தட்டு பக்கத்து வீட்டுப் பூனை மேல விழுந்து, அதுலருந்து அவர் தொண்டையைச் செருமினாலே பூனை மதில் ஏறிடும். பூனை கிடக்கட்டும். அந்த மனுஷனுக்கா இப்படி ஒரு பிள்ளைன்னு எல்லாரும் மெச்சுவாங்க.

எதைப் போட்டாலும் "பிரமாதம்!"தான். கல்யாணமான புதுசுல, பொண்டாட்டி ஏதோ ஒட்டறதுக்கு மைதாவுல பசை காய்ச்சி ஆற வச்சிருந்தா. கஞ்சின்னு நினைச்சு வழிச்சுக் குடிச்சுட்டு, பிரமாதம்னு சொல்லிட்டு வேலைக்குப் போனவன் இவன்! அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அக்கா தன் புருஷனைக் குத்திக்காட்டுவா.

குறைன்னா ஒண்ணே ஒண்ணு, சிகரெட்டு. மீசை முளைக்கிறப்போ புடிச்ச பழக்கம். நெஞ்சு இரைக்க ஆரம்பிச்சு, "இனி ஒண்ணு பத்த வச்சாலும் என்கிட்ட வராதே"ன்னு டாக்டர் விரட்டிட்டாரு. அதையும் விட்டாச்சாம். வந்ததும் வராததுமா அக்கா தலையிலயே கை வச்சு சத்தியம் பண்ணான். பொண்டாட்டி மட்டும் அதைக் காதுல வாங்காத மாதிரி, தண்ணி கொண்டாரேன்னு உள்ள போயிட்டா.

அப்பேர்ப்பட்ட தங்கம்தான் இப்ப இந்தக் குதி குதிக்குது.

"என்னடா பேச்சு இது? என் தட்டுல சரியாத்தானே இருக்கு?"

"எனக்கும் நல்லாத்தான் இருக்கு மாப்ள," அக்கா புருஷன் இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டாரு. "இந்த வறுவலுக்கே இந்தக் கத்தலா? நீ எங்க வீட்டுல சாப்பிட்டா என்ன சொல்லுவே?"

"நீங்க சும்மா இருங்க!" அக்கா முறைச்சா.

"உங்க ரெண்டு பேருக்கும் நாக்கு செத்துப் போச்சா என்ன? கரிக்குதுக்கா! மனுஷன் திம்பானா இதை?" தட்டை ஒரே தள்ளாத் தள்ளினான்.

அவன் பொண்டாட்டி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுக்களைக்கு ஓடிட்டா. தோள் குலுங்கறது இங்கிருந்தே தெரிஞ்சுது.

அக்கா பதறி எந்திரிச்சா. அப்பாவும் முதல்ல இப்படித் தட்டைத் தள்ளத்தான் செஞ்சாரு. அப்புறம்தான் வீச ஆரம்பிச்சாரு. அம்மா அழுது அழுதே போய்ச் சேர்ந்தா. இந்தப் பொண்ணுக்கும் அதே கதியா?

"உன்னை வந்து வச்சுக்கறேன்!"ன்னு தம்பிகிட்ட விரலை ஆட்டிட்டு, எச்சில் கையோட உள்ள போனா.

பாத்திரம் கழுவற தொட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தா அவ.

"அழாதே கண்ணு. நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டான். நான் அவனை என்ன பண்றேன் பாரு..."

"ஐயோ அண்ணி, அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க!" திரும்பினா. கண்ணு நிறையத் தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. "நரம்பு வந்துடுச்சு அண்ணி!"

"என்னடி உளர்றே?"

"ஊதி ஊதி அவருக்கு நாக்கு மரத்துப் போயிருந்துச்சு. பசையைக் குடிச்சாரே, பொறுமையிலயா குடிச்சாரு? ருசியே தெரியல அண்ணி! விட்டுட்டேன், விட்டுட்டேன்னு எத்தனை சத்தியம்! வெளியில ஊதிட்டு, புதினா மிட்டாயை மென்னுக்கிட்டு வந்து நிப்பாரு. மோந்து பாத்து என்னத்தைக் கண்டுபிடிக்க?"

"அதுக்கு?"

"நிஜமாவே விட்டா ருசி கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. அதான் அப்பப்போ அவர் பங்குல மட்டும் உப்பை அள்ளிப் போட்டுடுவேன். ஒவ்வொரு தடவையும் 'பிரமாதம்'னுவாரு. நான் இங்க வந்து நின்னு அழுவேன்."

அக்கா முழங்கையாலயே அவளை இழுத்து அணைச்சுக்கிட்டா.

அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா:

"அண்ணி, போய் இன்னொரு தடவை திட்டச் சொல்லுங்க. காது குளிரக் கேக்கணும்!"