ஆயிரம் வருஷத்துப் பாதை

“வேலியை அறுத்தது உன் மகதான்! அவளை விட்டா இந்த ஊர்ல வேற எவளுக்கு இவ்வளவு துணிச்சல்?”

அமிர்தலிங்கம் நாற்காலியை விட்டு எழாமலே கத்தினார். வாசலில் நின்ற சிங்காரவேலுவுக்குக் காதெல்லாம் சுட்டது.

“பரிதி அப்படிச் செய்யற புள்ள இல்லீங்கய்யா.”

“கிராம சபையில எழுந்து என்னையே கேள்வி கேட்டவதானே? சாயந்திரத்துக்குள்ள வந்து ஒத்துக்கச் சொல்லு. இல்லேன்னா ஸ்டேஷன்ல அவ பேரை எழுதிக் கொடுத்துடுவேன்.”

பரிதி போலீஸ் தேர்வில் பாஸாகி, ஆர்டருக்காகக் காத்திருக்கிறாள். இப்போது ஒரு கேஸ் விழுந்தால் அந்த வேலை போனதுதான்.

அப்படி என்னதான் கேட்டுவிட்டாள்? கீழத்தெரு ஜனங்கள் அய்யனார் கோயிலுக்குக் காலங்காலமாக நடந்த வரப்பு, இவர் வயலுக்குள் போகிறதாம். சித்திரையில் கல்லுக்கால் ஊன்றி முள்கம்பி இழுத்துவிட்டார். நடக்க முடியாத கிழங்கட்டைகள்கூட ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகின்றன. இது அநியாயம் என்று சொன்னது ஒரு குற்றமா?

கமலாம்பாள் காபி கொண்டுவந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. கணவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். சிங்காரவேலுவுக்கும் எவர்சில்வர் டம்ளர்.

அமிர்தலிங்கம் முகத்தைச் சுளித்தார். “ஏன், பேப்பர் கப் தீர்ந்துபோச்சா?”

அவள் டம்ளரைச் சிங்காரவேலுவின் கையில் கொடுத்தாள். அவரும் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்.

“முந்தாநாள்தான் ஜப்பான்லேர்ந்து வந்தோம். அங்க வேலை பார்க்கற என் மகன் ராஜ்குமார் ஒரு மலைக்கோயிலுக்கு நடக்க வச்சே கூட்டிக்கிட்டுப் போனான். ஆயிரம் வருஷமா ஜனங்க யாத்திரை போற பாதை. காடு, வயல், வீட்டு வாசல்னு போய்க்கிட்டே இருக்கு. ஒரு கல்லை எவனும் நகர்த்தல! அந்த ஊர்க்காரன் மனுஷன். நேத்து சாயந்திரம் முழுசா இருந்த என் வேலி, விடிஞ்சு பார்த்தா துண்டு துண்டாக் கிடக்கு. நீங்கல்லாம் எப்பத்தான் திருந்தப் போறீங்க?”

பாதையை அடைத்த மனுஷர் பாதையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்! சிங்காரவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

“எங்க பாட்டன் பூட்டனும் அந்த வரப்புல நடந்தவங்கதாங்கய்யா.”

“பட்டாவுல பாதைன்னு போட்டிருக்கா? எதிர்த்தா பேசற? இரு, இப்பவே இன்ஸ்பெக்டருக்குப் போன் போடறேன்.”

“போடுங்க. என் பேரைச் சொல்லுங்க” என்றாள் கமலாம்பாள்.

கைத்துணியை அவிழ்த்தாள். உள்ளங்கை முழுக்க முள்கம்பி கிழித்த கோடுகள்.

“உனக்கென்ன பைத்தியமா?”

“ஜப்பான்ல அந்த மழையில முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு அடி வைக்க முடியாம நின்னீங்களே. நாத்து நட்டுக்கிட்டிருந்த வயசான அம்மா சேத்துக்காலோட ஓடிவந்து, உங்க கையைப் பிடிச்சுத் தன் வயல் வரப்பு மேலயே நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனாங்களே. ஞாபகம் இருக்கா?”

“அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?”

“நீங்க எந்தத் தெருன்னு அந்தம்மா கேக்கலீங்க.”