பயப்படும் நிமிடங்கள்

நான்காவது நிமிடத்திலேயே செயலாளர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார்.

"இடி இடிக்குது. பாத்தீங்களா?"

"மழை வந்தா இடிக்கத்தானே செய்யும்," என்றார் பல் டாக்டர். அவருக்கு எல்.கே.ஜி. வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள்.

"வானத்துல இடிக்கட்டும். எல்.கே.ஜி. பிள்ளைங்க முன்னால, திரையில இடிக்கக் கூடாது."

நோட்டில் எழுதினார்: '4-ஆம் நிமிடம். இடி.'

விடுமுறைக்காகப் பள்ளி மூடுவதற்கு முந்தின நாள் இருபத்தாறு பிள்ளைகளுக்கும் ஒரு கார்ட்டூன் படம் காட்டுவதாக வகுப்பு மிஸ் வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளத்தில் அம்மாவைப் பிரிந்துபோன முள்ளம்பன்றிக் குட்டியின் கதை. அன்றைக்குத் தலையில் மாட்டிக்கொள்ள, பிள்ளைகள் ஒரு வாரமாகக் காகித முள் வெட்டிப் பட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பெற்றோர் சங்கச் செயலாளர் பார்த்துத் தலையசைக்காமல் பள்ளியில் எந்தப் படமும் ஓடாது. அதற்குத்தான் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் மூன்று பேரும் கூடியிருந்தார்கள்.

இல்லை, நான்கு பேர். செயலாளரின் நாலரை வயது மகள் பட்டாணி, மடியில் தன் முள்பட்டியோடு அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் சோதனைக் குழந்தை. சங்கத்தின் விதி அது. விதியைப் போட்டதும் செயலாளர்தான். குழந்தை 'பயமா இருக்கு' என்று சொல்லிவிட்டால், படம் கிடையாது.

"பயந்தா உடனே சொல்லிடணும், என்ன கண்ணு? அம்மா பக்கத்துலயே இருக்கேன்."

"சரிம்மா."

படம் ஓடியது. நோட்டும் நிறைந்தது. '9-ஆம் நிமிடம். ஆந்தை முறைக்கிறது.' '13-ஆம் நிமிடம். குட்டி சாப்பிடுமுன் கை கழுவவில்லை.'

"அதுக்குக் கையே இல்லைங்க. நாலும் காலு," என்றார் பல் டாக்டர்.

"கழுவற பழக்கத்தைத்தான் சொல்றேன். அப்புறம், உடம்பெல்லாம் முள்ளு. ஒரு முயலை வெச்சு எடுத்திருக்கக் கூடாதா?"

செயலாளரின் கணவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"நீங்களும் உக்காந்து பாருங்களேன் சார்," என்றார் மிஸ்.

"அய்யோ, எனக்கு இந்தக் கார்ட்டூன் எல்லாம் சரிப்படாதுங்க." டி.வி. பக்கம் திரும்பாமலே சமையலறைக்குள் போய்விட்டார்.

திரையில் தவளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அது சொல்லி முடிப்பதற்குள் பட்டாணி சிரித்தாள்.

செயலாளர் அதையும் விடவில்லை. '22-ஆம் நிமிடம். குழந்தை காரணமில்லாமல் சிரிக்கிறது. பதற்றம்.'

மிஸ் மெதுவாக நோட்டை எட்டிப் பார்த்தார். "மேடம், இதை எல்லாம் வெட்டிட்டா, பேர் போடற இடமும் ஒரு பாட்டும்தான் மிஞ்சும்."

"அந்தப் பாட்டும் கொஞ்சம் சோகமாத்தான் இருக்கு."

"பிள்ளைங்க ரொம்ப ஆசையா இருக்காங்க மேடம். தினமும் கேக்கறாங்க."

"ஆசைப்படறதை எல்லாம் கொடுத்துடறதா மிஸ்? நமக்குத்தான் பொறுப்பு வேணும்."

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வெள்ளம் வந்தது. அம்மா முள்ளம்பன்றி குட்டியை ஒரு கிளைமேல் தள்ளி ஏற்றியது. அடுத்த அலையில் அம்மாவைக் காணவில்லை. குட்டி கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது.

செயலாளரின் பேனா உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

பட்டாணி மடியிலிருந்த முள்பட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிஸ், எனக்கு பயமா இருக்கு. நிறுத்திடுங்க."

மிஸ் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம் பாத்தோம்னா..."

"வேண்டாம்." செயலாளர் நோட்டை மூடினார். "குழந்தை வாயாலயே வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? வேற படம் போட்டுக்கலாம். 'பல் துலக்குவது எப்படி'ன்னு ஒண்ணு இருக்கு. இருபது நிமிஷம்தான், நல்ல விஷயம்."

பல் டாக்டரே பெருமூச்சு விட்டார். "அதுல கிருமியைக் கொல்றாங்களே, பரவாயில்லையா?"

"கிருமிதானே."

"கிருமிக்கும் ஒரு அம்மா இருக்கும்ல?" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். மிஸ், திங்கட்கிழமை இருபத்தாறு முகங்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற யோசனையோடு படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த செயலாளர் மகளை வாரி எடுத்து முத்தமிட்டார்.

"என் தங்கம். எவ்வளவு தைரியமா உண்மையைச் சொன்னே. நீ இல்லேன்னா இந்த ரெண்டு பேரும் அந்தப் படத்தைப் போட்டே தீர்த்திருப்பாங்க."

பட்டாணி தன் வலது கையைத் தூக்கி ஊதிக்கொண்டாள். மணிக்கட்டுக்கு மேலே நான்கு நகத்தடங்கள் வரிசையாகச் சிவந்திருந்தன.

"இது என்னடி? யாரு கிள்ளினது?"

"நீதாம்மா. தண்ணி வந்தப்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே. எனக்கு பயமே இல்ல. உனக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

பட்டாணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானும் அப்பாவும் அந்தப் படத்தை நாலு தடவை பாத்துட்டோம். அப்பா உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு." பிறகு முள்பட்டியை எடுத்து அம்மாவின் தலையில் மாட்டி, காதோரம் சரிசெய்தாள்.

"நீ அழாதம்மா. கடைசில அந்த அம்மா திரும்பி வந்துடும்."