எதிர்த்து எழுதிய துரை

தேவசகாயம், வில்மர் துரைக்காக மாதா கோயிலில் ஏற்றிய மெழுகுவத்தி இது பதினேழாவது. நல்ல மனுஷன், நம்மால் பிழைப்பைத் தொலைத்துவிட்டு எங்கே அலைகிறாரோ என்று அவருக்கு மனசே ஆறவில்லை.

"வாரம் தவறாம ஏத்துறியே, அவரு உனக்கு இன்னா சொந்தமா?" என்றாள் மனைவி சவுரியம்மாள்.

"என் கையாலதான டைப் அடிச்சேன். அந்த லெட்டருதான் அவரு வேலைக்கு உலை வெச்சிது."

தேவசகாயம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் இங்கிலீஷ் குமாஸ்தா. பச்சைத் தோலுக்கு வரி இல்லை, பதனிட்ட தோலுக்கு மட்டும் வரி என்று அமெரிக்கா சட்டம் போட்டதும், அங்கே சரக்கு அனுப்பிவந்த ஷாப்பு ஆட்டம் கண்டது. சென்னையிலிருந்த அமெரிக்க அதிகாரி வில்மர் நேரில் வந்து, மூக்கைப் பொத்தாமல் தொட்டி தொட்டியாகப் பார்த்தார். 'நம் சர்க்கார் செய்வது அநியாயம்' என்று தன் மேலிடத்துக்கு ஒரு கடிதத்தைத் தேவசகாயத்திடம் சொல்லி அங்கேயே டைப் அடிக்கவைத்தார். உங்கள் வேலை போய்விடும் என்று தேவசகாயம் துரையிடம் கெஞ்சிப் பார்த்தார். துரை கேட்டால்தானே?

இரண்டே மாதத்தில் வாஷிங்டனிலிருந்து துரைக்குத் தந்தி: உடனே புறப்பட்டு வா. கப்பலில் முதல் வகுப்பு டிக்கெட்டையும் சர்க்காரே எடுத்துக் கொடுத்திருந்தது. தண்டிக்கிறதைக்கூட மரியாதையாகச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் தேவசகாயம்.

துரையின் கடிதத்தைச் சாட்சியாகக் காட்டி, ஷாப்பு முதலாளி ஹயாத் பாஷாவும் வாஷிங்டனுக்கு ஒரு மனு போட்டிருந்தார். அதற்குத் திங்கட்கிழமை பதில் வந்தது. வரி நீங்காவிட்டால் சனிக்கிழமையோடு ஷாப்புக்குப் பூட்டு. தொழிலாளிகள் நூற்றெண்பது பேரும் இருப்புக் கொள்ளாமல் வாசலில் கூடிவிட்டார்கள்.

தேவசகாயம் உறையைப் பிரித்துப் படித்தார்.

"வரி போவாதாம். அதிகாரி எழுதினத நல்லா படிச்சாங்களாம். அது அவரு சொந்த அபிப்பிராயமாம், சர்க்கார் முடிவுல மாத்தமில்லியாம்."

"அவ்ளோ தைரியமா எழுதினாரே, அதுக்கும் மதிப்பில்லயா?" ஹயாத் பாஷாவின் குரல் உடைந்தது. "நம்ம தொரைக்கு இருந்த ஈரம் அங்க ஒருத்தனுக்கும் இல்லயா? எந்த பேமானிப்பா கையெழுத்து போட்டிருக்கான், பாரு."

தேவசகாயம் காகிதத்தின் அடியில், வரி இலாகாவின் தலைமை அதிகாரி என்ற பதவிக்கு மேலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நம்ம வில்மர் தொரைதாங்க."