ஆறு மணி வாக்கிங்

காலை ஐந்து ஐம்பது. இரண்டு ஷூவில் ஒன்றை மாட்டி, மற்றதைக் கையில் பிடித்தபடி தனக்கோடி வீட்டைவிட்டு இறங்கினார்.

"காந்தா, வாக்கிங் போயிட்டு வந்துடறேன்!"

பாத்ரூமுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஷூ போடக்கூட நேரமில்லாம அப்படி என்னங்க வாக்கிங்?"

அதற்குள் போய்விட்டார்.

பெங்களூர் அல்சூரில் அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம். மூன்று மாதம் முன்புவரை, காலையில் காந்தா உள்ளே போனால் முக்கால் மணி நேரம். வெளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனக்கோடி கதவைத் தட்டுவார். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற கை. தட்டினால் மாடி வீடு வரை கேட்கும். அவளும் போன வேலை முடியாமலே வெளியே வருவாள்.

கடைசியில் இருவரும் சேர்ந்தே டாக்டர் மமதாவிடம் போனார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதான். ஐ.பி.எஸ்."

"எட்டாங்கிளாஸ் ஃபெயிலு மேடம் நான். எனக்கு ஐ.பி.எஸ்.ஸா?" என்றார் தனக்கோடி.

டாக்டர் சிரித்தார். "குடல் கோளாறுங்க. பேரு ஒண்ணு, வகை வேற. உங்களுக்கு ஓட்டம், அவங்களுக்கு இறுக்கம். ஆம்பளைங்ககிட்ட முதல் வகை அதிகம், பொம்பளைங்ககிட்ட ரெண்டாவது. ஹார்மோன்ல இருந்து குடல் நகர்ற வேகம் வரைக்கும் வித்தியாசம் இருக்கு. மாத்திரையும் வேற வேற. மாத்திப் போட்டுடாதீங்க."

பிறகு தனக்கோடியைப் பார்த்து, "அவங்களை அவசரப்படுத்தாதீங்க. பதற்றமானா இன்னும் இறுகும்" என்றார்.

அடுத்த வாரமே தட்டல் நின்றது. வாக்கிங் தொடங்கியது.

"எனக்கு இப்பதான் கொஞ்சம் பரவாயில்ல. அவருக்கு சுத்தமா நின்னுடுச்சு" என்றாள் காந்தா, மாடி வீட்டு டோரீனிடம். "ஜம்முனு ஏரியைச் சுத்திட்டு வர்றாரு."

"ஏரியையா? நானும் டெய்லி அங்கதானே சுத்தறேன். ஒருநாள்கூட உன் வீட்டுக்காரர் கண்ணுல படலையே?"

டோரீன் குரலைத் தாழ்த்தினாள்.

"ஷூவைக் கையில தூக்கிட்டு ஓடற ஆம்பள, யாரையோ காக்க வெச்சிருக்கான்னு அர்த்தம். பாத்துக்க."

அன்று ராத்திரி காந்தா கேட்டே விட்டாள். "தினமும் யாரைப் பாக்கப் போறீங்க?"

"யாரைப் பாக்கறது? மரத்தைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் இப்படி மழுப்பியதில்லை. காந்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றால், அந்த நேரத்தில்தான் அவள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தனக்கோடி கறிக்கடைக்குப் போயிருந்தார். டோரீன் வாசலில் உட்கார்ந்து காந்தாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தடவிய பத்திரிகையோடு ஒருவர் வந்து நின்றார்.

"தனக்கோடி அண்ணா மனை இதானே? நான் மஞ்சுநாத். மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்."

"அவருக்கு நீங்க எப்படிப் பழக்கம்?"

"மார்க்கெட் பக்கம் கட்டண டாய்லெட் இருக்கில்லம்மா, நான்தான் பாத்துக்கறேன். அண்ணா டெய்லி ஆறு மணிக்கு வந்துடுவாரு."

டோரீனின் கை பூண்டிலேயே நின்றது.

"வீட்டுல பாத்ரூம் இருக்கே?" என்றாள் காந்தா.

"அதைத்தாம்மா நானும் கேட்டேன். ஒருநாள் தண்ணி வரல, பூட்டி வெச்சிருந்தேன். பாவம், வேர்த்து ஊத்துது. வீட்டுக்குப் போங்கண்ணான்னேன். 'வேணாம்ப்பா, நான் போய் நின்னா அவ பாதியில எழுந்து வந்துடுவா'ன்னு, டேங்கர் வர்ற வரைக்கும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு அந்தக் கல்லு மேலயே உட்காந்திருந்தாரு."

டோரீன் மெதுவாக எழுந்தாள். அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்ததாகச் சொல்லி மாடியேறினாள்.

2024 நவம்பர் 10, ஞாயிறு: மஞ்சுநாத் மகள் கல்யாணத்தில் முன்வரிசை காலியாக இருந்தும், பாத்ரூம் போகும் வழியை ஒட்டி இரண்டு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள் காந்தா.