எழுபதாம் நம்பர் சிவப்பு

மூன்றாவது பார்சலும் திரும்பிப் போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் டீ ஆடை கட்டிக் கிடந்தது. அதைத் தொடக்கூட அவருக்கு மனமில்லை.

“கட்டைவிரல் உயரத்துல ஒரு டப்பா. அதைக் கொண்டுவந்து சேர்க்க உலகத்துல ஒருத்தனுக்கும் துப்பில்ல” என்றார் மனைவியிடம்.

தெருவில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். பூங்காக் குளத்தில் படகு ஏறினாலே வாந்தி எடுக்கிற கேப்டன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து மூன்று வருஷமாகப் பின்னறையில் ஒரு பொம்மைக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் கப்பலில் கொடிமரம், ஏணி, நங்கூரம் எல்லாம் தயார். அடிப்பாகத்துப் பெயிண்ட் மட்டும் பாதியில் நின்றது.

அதற்கு எழுபதாம் நம்பர் சிவப்புதான் வேண்டுமாம். வெளிநாட்டில் ஒரே ஒரு கம்பெனி செய்கிற எண்ணெய்ப் பெயிண்ட். தீப்பிடிக்கிற சரக்கு என்பதால் விமானத்தில் அனுமதியில்லை. கடைக்காரர் மற்ற சாமான்களுக்கு நடுவே ஒளித்து அனுப்பினாலும், இங்கே சுங்க அலுவலகத்தில் பிரித்துப் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள்.

மனைவிக்குக் கப்பலுக்கும் கட்டுமரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்தச் சிவப்புக்காக அவரைவிட அவள்தான் அதிகம் அலைந்தாள். காரணம் அந்தப் பின்னறை.

அவளுடைய அம்மா முதியோர் இல்லத்தில், எட்டுக் கட்டில் போட்ட கூடத்தில் கிடந்தாள். “உன் வீட்டுல கண்ணை மூடறேன்டி, அது போதும்” என்று ஒவ்வொரு ஞாயிறும் மகள் கையைப் பிடித்துக்கொள்வாள். டாக்டர் ஒரு மாதம் என்றார். அதில் பத்து நாள் போய்விட்டது.

அவர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. “அத்தை எனக்கும் அம்மாதான். கப்பல் முடியட்டும், அறையைக் காலி பண்ணி மறுநாளே கூட்டிட்டு வந்துடலாம். பெயிண்ட் பாதியில நிக்கறப்போ அசைச்சா அத்தனையும் பாழ்” என்றுதான் சொல்லியிருந்தார்.

“கேட்டுக்கு அடிக்கிற சிவப்பு ஒண்ணு கடையில பார்த்தேங்க. அதையே தடவிட்டா என்ன?” என்றாள் இப்போது.

“ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் போட்டுக்கிட்டுத் தெருவுல போவியா நீ?”

அவள் சுங்க அலுவலகத்துச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். ‘தகவலின் பேரில் சோதனை செய்யப்பட்டது’ என்று இருந்தது. முந்தைய இரண்டு சீட்டிலும் அதே வரிதான்.

“உங்க பொம்மைக் கப்பல் சங்கத்துல மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்கா வந்து சேருதே. நமக்கு மட்டும் யாருங்க தகவல் சொல்றது?”

“சங்கத்துலயே ஒருத்தன் இருக்கான், வயித்தெரிச்சல் பிடிச்சவன். இந்த வருஷப் போட்டியில நான் ஜெயிச்சுடுவேன்னு பயம்.” பெருமூச்சு விட்டார். “சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.”

அவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. “இனிமே எந்தப் பூசாரியும் வேண்டாம். தம்பிகிட்ட சொல்லிட்டேன்.”

அவளுடைய தம்பி சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான். கல்யாணம் ஆகவில்லை. வீடு வாசல் எல்லாம் அவனுக்குக் கப்பல்தான்.

“போன மாசம் அங்க இறங்கினப்போ அவனே கடைக்குப் போய் வாங்கிட்டானாம். சோப்புப் பெட்டிக்குள்ள வெச்சிருக்கான். நாளைக்குக் காலையில கப்பல் இங்க வருது.”

அவர் எழுந்து நின்றுவிட்டார். “சொல்லாம கொள்ளாம அதைக் கப்பல்ல ஏத்தினது தெரிஞ்சா அவன் வேலையே போயிடுமேடி!”

“அவனும் அதான் பயப்படறான். இப்பதான் நிரந்தரம் ஆச்சு. ‘உங்க ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாதுக்கா’ன்னான். அம்மாவுக்காகத்தான் துணிஞ்சிருக்கான்.”

அவர் கண் கலங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டார். “உன் தம்பி மனுஷன். நாளைக்கே பூசிடறேன். ரெண்டு நாள்ல காஞ்சிடும். ஞாயித்துக்கிழமை அத்தை நம்ம வீட்டுல இருப்பாங்க.”

இப்படி ஒரு மனுஷர் வாய்த்தாரே என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

“கப்பல் பேரு என்ன? எத்தனை மணிக்கு வருது? நானே போய் அவனைக் கூட்டிட்டு வர்றேன்” என்று கேட்டு, அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அவள் பின்னறைக்கு ஓடினாள். கட்டில் எங்கே போடலாம் என்று முழம் போட்டு அளந்தாள். பரணிலிருந்து அம்மாவின் பழைய போர்வையை இறக்கி உதறினாள்.

“என்னங்க, ஜன்னலோரமாவே போட்டுடலாமா? அம்மாவுக்கு வெளிச்சம்னா பிடிக்கும்.”

“தாராளமா” என்றபடி அவர் மொட்டைமாடிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார்.

“சார், வணக்கம். பெயிண்ட் பார்சல் வருதுன்னு மூணு தடவை தகவல் சொன்னேனே, அதே ஆள்தான். இந்தத் தடவை கப்பல்ல வருது.”