வட்டியில் குறைந்த முந்நூற்றைம்பது

டொக், டொக், டொக்.

புளி தட்டும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் ஒரு சுத்தி மட்டும் நின்றுபோனது.

பாப்பாரப்பட்டி புளி மண்டியில் சுத்தியைக் கீழே வைத்தவள் பானுமதி. எதிரில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் அவள் கொழுந்தன் அருள்குமார்.

“இங்க வா தம்பி. மாசா மாசம் மூவாயிரத்து ஐந்நூறு வட்டி வரும். இந்த மாசம் மூவாயிரத்து நூத்தியம்பதுதான் ஏறியிருக்குது. மீதி எங்க?”

மற்ற சுத்திகளும் நின்றன.

அது சும்மா வந்த வட்டி அல்ல. தொப்பூர் கணவாயில் லாரி மோதி அவள் புருஷன் செத்ததற்குக் கிடைத்த ஆறு லட்சம் பேங்கில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. அந்த வட்டியில்தான் மகள் பிரியதர்ஷினி ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பேங்க் வேலையெல்லாம் பார்ப்பது அருள்குமார்.

“ஏப்ரல்ல இருந்து வருமான வரிக்குப் புதுச் சட்டமுங்க அண்ணி. டி.டி.எஸ். ஏதாச்சும் புடிச்சிருப்பாங்க.”

“அப்பிடின்னா?”

“காசு நம்ம கைக்கு வர்றதுக்கு முந்தியே வரியப் புடிச்சுக்கறது.”

“என் கைக்கு வர்றதுக்கு முந்திப் புடிச்சது ஆரு? கவருமெண்டா, நீயா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“போன மாசம் கே.ஒய்.சி.ன்னு சொல்லி நாலு எடத்துல கையெழுத்து வாங்கினியே, அது எதுக்கு?”

அருள்குமார் சட்டைப் பைக்குள் கையை விட்டான். ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினான்.

“கொறஞ்சதுக்கு இத வெச்சுக்குங்க. பேங்குக்கெல்லாம் நீங்க போவ வேணாம்.”

அதுவரை பாதிச் சந்தேகம்தான் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் முழுசாகிவிட்டது.

“எடுக்காதவன் எதுக்குத் தர்றான்? பாத்துக்குங்கடி எல்லாரும்.”

அருள்குமாரின் மனைவி நிர்மலா பக்கத்துக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்குப் பரிந்து பாய்வாள் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“கேளுக்கா, நல்லா கேளு. அதியமான்கோட்டை நெலத்த வித்ததுல மூணு லட்சத்துக்கு எனக்கே கணக்கு வரல. கடன அடைச்சேங்கறாரு. ஆருக்குக் கடன்னா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு.”

நிலம் என்றதும் பானுமதிக்கு இன்னும் எரிந்தது. ரோட்டோர நிலம். மாமனார் அதைச் சின்ன மகன் பேருக்கே எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். விற்றபோது அண்ணன் மகளுக்கென்று ஒரு பைசா வரவில்லை. “பத்திரத்துல எங்க பேருதானக்கா இருக்குது” என்று நிர்மலா அப்போதே பேச்சை முடித்துவிட்டாள்.

“நெலந்தான் போச்சு. அண்ணன் செத்த காசுலயும் கை வெக்கறியா? திருடன் நீ. பேங்குல எழுதி வாங்கிக்கிட்டு நேரா போலீசு டேசனுக்குத்தான் போவேன்.”

அருள்குமார் குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

பேங்கில் சாதியா என்கிற அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

“டி.டி.எஸ்.தாம்மா. வருச வட்டி அம்பதாயிரத்தைத் தாண்டினா பத்து சதவீதம் புடிச்சிடுவோம். எனக்கு வருமானம் கம்மி, புடிக்காதீங்கன்னு வருசா வருசம் ஒரு பாரம் குடுக்கணும். புதுச் சட்டத்துல பாரமும் புதுசு. நீங்க குடுக்கலையே.”

பானுமதி படித்தது எட்டாவதுதான். ஆனால் கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவளைக் கணக்கில் ஏமாற்ற முடியுமா?

“மாசம் மூவாயிரத்து ஐந்நூறு. பன்னெண்டு மாசத்துக்கு நாப்பத்திரெண்டாயிரம். அது எப்பிடி அம்பதைத் தாண்டும்? என் கொழுந்தன் உனக்கும் சொல்லிக் குடுத்துட்டானா?”

சாதியாவுக்குக் கோபம் வரவில்லை.

“இது மட்டும்னா தாண்டாதும்மா. தருமபுரி கிளையில இருக்கறதையும் சேத்தா தாண்டுதே.”

“தருமபுரியில எனக்கு என்ன இருக்குது?”

“மூணு லட்சம் டெபாசிட். போன மாசம் போட்டது. வட்டி கடைசியில மொத்தமா வரும். நாமினி பிரியதர்ஷினி. வேற கிளையில போட்டா தெரியாதுன்னு நெனச்சாங்களோ என்னவோ. பான் நம்பர் ஒண்ணுதானே? கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேத்துடும்.”

“போட்டது ஆரு?”

சாதியா திரையைத் திருப்பிக் காட்டினாள். பணம் வந்தது அருள்குமார் கணக்கிலிருந்து. அதற்கு நேரே இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு சொல். பானுமதி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

அண்ணன் பங்கு.

அவள் மண்டிக்குள் நுழைந்ததும் மறுபடியும் எல்லாச் சுத்தியும் நின்றது.

“என்னக்கா சொன்னாங்க? டேசனுக்குப் போவலியா?” என்றாள் நிர்மலா.

வண்டி ஓரமாக நின்றிருந்த அருள்குமார் லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிற மாதிரி.

“கவருமெண்டு புடிச்சதுதான். பாரம் குடுக்காதது என் தப்பு” என்றாள் பானுமதி. “நாலு பேரு முன்னாடி திருடன்னு சொன்னேன். நாலு பேரு முன்னாடியே சொல்றேன், தம்பி திருடன் இல்ல.”

“சரிக்கா. அப்ப எங்க மூணு லட்சம்?”

“கடன்தான் அடைச்சிருக்குது நிர்மலா.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

பானுமதி சுத்தியைக் கையில் எடுத்தாள். இத்தனை நேரம் புருஷன் மேல் இருந்த நிர்மலாவின் பார்வை மெதுவாக நகர்ந்து இவள் முகத்தில் வந்து நின்றது.

நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு புளியை எடுத்துக் கல்லில் வைத்தாள்.

டொக்.